யார் குரல்?

படம் பார்ப்பது பொழுதுபோக்கு. பார்த்த படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது பொழுதைக் கொல்வது என்று என் தந்தையார் சொல்வதுண்டு. அவர் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு மூன்று முறை என் அறைக் கதவைத் தட்டிவிட்டனர். தேர்வு முடிந்த வாரத்திலும் அதை அடுத்த விடுமுறையிலும் நான் படித்தது குறைவு, பார்த்ததோ மிகுதி. ஆகவே பார்த்ததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் திறனாய்வாளன் அல்லன். ஒளிப்பதிவின் நுணுக்கமோ படத்தொகுப்பின் இலக்கணமோ எனக்குத் தெரியா. மூன்று படங்களைப் பார்த்தேன். மூன்றையும் பார்த்து முடித்தபோது ஒரே கேள்வி மனத்தில் நின்றது. அதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதற் படம் மிகப் பழையது. 1937-இல் வெளிவந்த 'எலிஃபண்ட் பாய்'. கிப்ளிங் எழுதிய கதை ஒன்றைத் தழுவிய ஆங்கிலப் படம். இதை நான் தேடிப் பிடித்துப் பார்த்ததற்குக் காரணம் கிப்ளிங் அல்லர், மைசூர். நாம் நாள்தோறும் நடமாடும் இந்த ஊருக்கு, 1922-இல் 'நானூக் ஆஃப் த நார்த்' என்னும் படத்தை எடுத்து ஆவணப்பட உலகில் தந்தை என்று போற்றப்பெற்ற ராபர்ட் பிளாஹெர்ட்டி வந்து தங்கி, மைசூர் அரசரின் யானைகளையும் காடுகளையும் படம் பிடித்தார். எஞ்சிய காட்சிகளை ஜோல்ட்டான் கோர்டா இங்கிலாந்தில் டென்ஹம் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்தார். 1937-இல் வெனிஸ் நகரத்துத் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசும் இப்படத்துக்குக் கிடைத்தது.

படத்தின் நாயகன் சாபு. 1924-இல் கபினி ஆற்றங்கரையிலுள்ள காரப்பூரில் பிறந்தவன். யானைப் பாகனின் மகன். கேமராவைக் கண்டு கூசாத பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன். யானையின் துதிக்கையைப் பற்றி அதன் நெற்றியில் கால் வைத்து ஏறுகின்ற அழகு ஒன்றே போதும். அதை எந்த நடிகனும் பயிற்சியால் பெற்றுவிட முடியாது. ஆற்றில் யானையைக் குளிப்பாட்டும் காட்சியைக் கண்டபோது, "இது நம் ஊர், இவன் நம் பையன்" என்று உள்ளம் துள்ளியது.

அந்தத் துள்ளல் நெடுநேரம் நீடிக்கவில்லை. சிறுவன் வாயைத் திறந்தான், ஆங்கிலம் வந்தது. யானையிடம் ஆங்கிலம், தந்தையிடம் ஆங்கிலம், பாகர்களிடமும் ஆங்கிலம். தந்தையாகவும் தலைமைப் பாகராகவும் நடித்தவர்கள் முகத்தில் கருமை பூசிய ஆங்கில நடிகர்கள். காடு மைசூர்க் காடு. யானை மைசூர் யானை. பையன் மைசூர்ப் பையன். பேச்சு மட்டும் இலண்டன் பேச்சு! வெளியில் எடுத்த காட்சியையும் உள்ளே எடுத்த காட்சியையும் ஒட்டிய இடம் என்னைப் போன்ற பாமரனுக்கும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்கு நன்றாகத் தெரிகிறது.

சாபுவின் பிற்கால வாழ்வு பலரும் அறிந்ததே. அவன் இங்கிலாந்து சென்றான். பின் அமெரிக்கா சென்றான். 'த தீஃப் ஆஃப் பாக்தாத்', 'ஜங்கிள் புக்' முதலிய படங்களால் உலகப் புகழ் பெற்றான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையில் பணியாற்றினான். 1963-இல் தம் முப்பத்தொன்பதாம் வயதில் சாபு மறைந்தார். காரப்பூர்ச் சிறுவனின் முகத்தை உலகம் முழுவதும் கண்டது. காரப்பூரில் அவன் தன் தாய்மொழியில் எப்படிப் பேசினான் என்பதை அந்தப் படத்தில் எவரும் கேட்க முடியாது.

இதற்கு அக்காலத்துப் படக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேசும்படக் கருவிகள் அன்று பெரும் பாரம். கேமராவே இரைச்சல் போடும். காட்டின் நடுவே ஒருவர் இயல்பாகப் பேசுவதை அப்படியே பதிவு செய்வது எளிதன்று. தோளில் சுமக்கத்தக்க கேமராவும் அதனோடு இசைந்து ஓடும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் 1960-ஐ ஒட்டித்தான் கைக்கு வந்தன. 1961-இல் ழான் ரூஷ், எட்கர் மோரேன் என்னும் இருவர் எடுத்த பிரெஞ்சு ஆவணப்படம் ஒன்றில், பாரிஸ் தெருவில் போவோர் வருவோரை நிறுத்தி, "நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன விடையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தார்கள். திரையை அகலமாக்கியதையும், முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்ததையும், காதைச் சுற்றி ஒலிபெருக்கிகளை நிறுத்தியதையும் திரைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்கிறோம். என்னைக் கேட்டால், தெருவில் போகிறவன் தன் குரலில் பேச வழி செய்த அந்தச் சிறு கருவிக்கே முதற் பரிசு கொடுப்பேன்.

இந்த எண்ணத்தோடுதான் மறுநாள் இரவு இரண்டாம் படத்தைப் பார்த்தேன். 'த எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. பெயரைச் சொன்னதும் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கி, 2022-இல் வெளிவந்து, 2023 மார்ச்சு மாதம் ஆஸ்கர் பரிசு பெற்ற ஆவணக் குறும்படம். இந்தியத் தயாரிப்பு ஒன்று அந்தப் பிரிவில் பரிசு பெற்றது அதுவே முதல் முறை. கதை நடக்கும் இடம் முதுமலைத் தெப்பக்காடு. மைசூரிலிருந்து உதகைக்குப் பேருந்தில் போகும்போது பந்திப்பூரைக் கடந்ததும் வருகிறதே, அதே இடந்தான். பொம்மன், பெள்ளி என்னும் காட்டுநாயக்கர் தம்பதியர், தாயை இழந்த ரகு என்னும் யானைக் குட்டியை வளர்க்கிறார்கள். பின்னர் அம்மு என்னும் குட்டியும் வந்து சேர்கிறது. ரகுவை வேறு பாகர்களிடம் ஒப்படைக்கும் நாள் வருகிறது. ஏறத்தாழ நாற்பது நிமிடப் படம்; இவ்வளவுதான் கதை.

இந்தப் படத்தில் வெளியிலிருந்து ஒருவர் வந்து விளக்கம் சொல்லவில்லை. பொம்மன் சொல்கிறார், பெள்ளி சொல்கிறார். ரகுவை அழைத்துச் சென்ற பிறகு அவர்கள் பேசும் சில சொற்களில் உள்ள துயரத்தை எந்த உரையாடல் ஆசிரியராலும் எழுதிவிட முடியாது. அவர்கள் பேசுவது தமிழ்! உலகம் முழுவதும் அந்தத் தமிழைக் கேட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படித்துக் கண் கலங்கியது. 1937-இல் மைசூர்க் காட்டில் ஆங்கிலம் ஒலித்தது. 2022-இல் முதுமலைக் காட்டில் தமிழ் ஒலித்தது. எண்பத்தைந்து ஆண்டுகளில் காடு தன் குரலைத் திரும்பப் பெற்றுவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்தது. வெளியூரில் வாழும் தமிழ் மாணவனுக்கு இத்தகைய பெருமிதம் சற்று எளிதில் வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

என்னோடு படம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் அறை நண்பர். கன்னடர், ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தைச் சேர்ந்தவர். சாபு பிறந்த காரப்பூரும் அந்த வட்டத்திலேயே உள்ளது. அவர் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் தேன் குருபர் வாழ்கிறார்கள். கருநாடக யானை முகாம்களில் பாகர்களாக இருப்போர் பலர் அவர்களே. நான் பெருமிதத்தோடு அவர் முகத்தைப் பார்த்தேன். மைசூர் இளைஞர்கள் ஒருவரையொருவர் 'குரு' என்று அழைப்பதுதான் வழக்கம். அவர் மெல்லக் கேட்டார்:

"குரு, இவர்கள் வீட்டுக்குள்ளேயும் தமிழா பேசுவார்கள்?"

என் பெருமிதம் அங்கேயே நின்றது. காட்டுநாயக்கர்க்குத் தனி மொழி உண்டு. அது தமிழைவிடக் கன்னடத்துக்கு நெருங்கிய உறவுடைய மொழி. பொம்மனும் பெள்ளியும் படத்தில் பெரும்பாலும் பேசுவது, வெளியாரோடு பழகுவதற்குக் கற்றுக்கொண்ட தமிழ். அடுப்பங்கரையில் அவர்கள் பேசும் பேச்சு வேறு. இது எனக்குத் தெரியாத செய்தியன்று. ஆனால் என் மொழி உலக அரங்கில் ஒலிக்கிறது என்ற மகிழ்ச்சியில், அது அவர்கள் வீட்டு மொழியா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சாபுவின் வாயில் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளித்தவன், பெள்ளியின் வாயில் தமிழைக் கேட்டு மகிழ்ந்து உட்கார்ந்திருந்தேன்!

படம் இதனால் தாழ்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது ஒரு பெரிய படி. ஏறவேண்டிய படி இன்னும் ஒன்று இருக்கிறது என்பதே நண்பரின் கேள்வி எனக்குக் கற்பித்த பாடம். அந்தப் படம் வெளிவந்த பின், 2023-இல், தமிழ்நாட்டு அரசு பெள்ளியைத் தெப்பக்காட்டில் யானைக் காவடியாக அமர்த்தியது. தமிழ்நாட்டில் அப்பணிக்கு வந்த முதற் பெண் அவரே. குரல் கேட்டால் ஆளும் கண்ணுக்குத் தெரிகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி மூன்றாம் படம். விடுமுறைக்குச் சத்தியமங்கலம் சென்றேன். சாமராசநகரைக் கடந்து, திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகளிலும் குடலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வீடு போய்ச் சேர்ந்தால், பாட்டி தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தார். அன்று மாலை அவருக்குக் 'காந்தாரா' படத்தைப் போட்டுக் காட்டினேன். 2022-இல் வெளிவந்த கன்னடப் படம். ரிஷப் செட்டி எழுதி, இயக்கி, நடித்தது. கடற்கரைக் கருநாடகத்தின் பூதக் கோலத்தையும், காட்டு நிலத்துக்காக நடக்கும் வழக்கையும் பின்னிய கதை. விடுதியில் நான் அதைக் கன்னடத்தில் பார்த்திருந்தேன். அந்தக் கடற்கரைக் கன்னடம் மைசூர்க் கன்னடமன்று. என் நண்பரே இரண்டோர் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு: பிறமொழிப் படத்தை அதன் சொந்தக் குரலில் கேட்க வேண்டும், பொருள் வேண்டுமானால் கீழே உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். அந்தக் கொள்கைப்படி கன்னடத்திலேயே ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் சென்றது. பாட்டி சொன்னார்:

"எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு? தமிழ்ல பேசச் சொல்லு."

என் கொள்கை ஐந்து நிமிடத்தில் மண்ணைக் கவ்வியது. தமிழுக்கு மாற்றினேன். பாட்டி இமை கொட்டாமல் பார்த்தார். இறுதியில் தெய்வம் ஏறி ஆடும் காட்சியில் கை கூப்பினார். பண்ணாரி அம்மன் குண்டத்தை ஆண்டுதோறும் கண்டவர். அவருக்கு அந்தக் காட்சியை விளக்க எவரும் தேவைப்படவில்லை. படம் முடிந்ததும் அவர் சொன்ன கருத்தை அப்படியே தருகிறேன்:

"சாமி மட்டும் நல்லாப் பேசுச்சு. மனுசங்க பேச்சுத்தான் வாயி ஒண்ணு போவுது, சத்தம் ஒண்ணு வருது. அந்தக் காட்டுச் சனம் எல்லாம் மெட்ராசுக்காரங்களாட்டமே பேசுது."

நான் திகைத்துப் போனேன். அந்தத் தெய்வத்தின் கூவல் எந்த மொழிச் சொல்லும் அன்று. ஆகவே அதை மொழிமாற்ற எவருக்கும் தோன்றவில்லை. கன்னடத்தில் கேட்ட அதே முழக்கம் தமிழிலும் இருக்கிறது. மாற்றாமல் விட்ட ஒரே குரலை, எழுத்தறியாத என் பாட்டி இனம் கண்டுவிட்டார். எனக்குத் தெரிந்து அந்தப் படத்துக்கு இதைவிடக் கூரிய திறனாய்வு இல்லை.

மொழிமாற்றம் பற்றிப் பேசும்போது, நாம் வாழும் இந்த நாட்டின் வரலாற்றையும் நினைக்க வேண்டும். 1960-களில் கன்னட எழுத்தாளர்களும் கலைஞர்களும் மொழிமாற்றுப் படங்களை எதிர்த்துப் போராடினர். அவர்களுள் முன் நின்றவர் நடிகர் ராஜ்குமார். எங்கள் ஈரோட்டு மாவட்டத்துத் தாளவாடியை அடுத்த காசனூரில் பிறந்தவர். பெரிய தொழில்களின் படங்கள் கன்னடக் குரல் பூசிக்கொண்டு வந்தால், சிறிய கன்னடத் திரைத் தொழில் மூழ்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். எழுதப்படாத அந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிலைத்தது. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் அதனைத் தவறு என்று தீர்ப்பளித்தது. 2017-இல் அஜித் நடித்த 'என்னை அறிந்தால்' கன்னடம் பேசிக்கொண்டு வந்தது. இன்று எல்லாத் திசையிலும் எல்லாப் படங்களும் குரல் மாறிப் போகின்றன.

தடை சரியா, தீர்ப்புச் சரியா? பாட்டியோடு படம் பார்க்குமுன் கேட்டிருந்தால், தடையின் பக்கம் சாய்ந்திருப்பேன். இப்போது அவ்வாறு சொல்ல மாட்டேன். எழுத்தறியாதவர்க்கும், கண் மங்கியவர்க்கும், கை வேலையாக இருக்கும் போது காதால் மட்டும் படம் பார்க்கும் நம் அன்னையர்க்கும் மொழிமாற்றம் வேண்டும். அவர்களைப் பார்த்து, "கீழே எழுத்து ஓடுகிறது, படித்துக்கொள்ளுங்கள்" என்பது கல்வியின் செருக்கு. ஆனால் நாம் யார்? பல்கலைக்கழகத்தில் பயில்கிறோம், இரண்டு மூன்று மொழிகளைப் படிக்கத் தெரிந்திருக்கிறோம். நாமும் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாரையும் தமிழ் பேச வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால், அது சோம்பல். பாட்டியின் தேவை வேறு. நம் சோம்பல் வேறு.

1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. அதில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னார். நம் முன்னோர் அதைக் கண்டு கொட்டகையை விட்டு ஓடவில்லை. இன்று நாம் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கென்னவோ, அவரவர் குரலில் அவரவர் பேசிய அந்தப் படம், எல்லாரும் ஒரே குரலில் பேசும் இன்றைய மொழிமாற்றுப் படத்தைவிட நம் நாட்டுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மைசூர்த் தேவராச மார்க்கெட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். 'காளிதாஸ்' படம் நாள்தோறும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது!

கேள்வி இனி இன்னும் கடுமையாகப் போகிறது. செயற்கை நுண்ணறிவு இப்போது குரலையே வார்த்து எடுக்கிறது. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இந்த முறையில் ஒரு பாடலுக்குப் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய தொகையும் கொடுத்தே செய்ததாக அறிவித்தார். அது நேர்மை. ஆனால் கேட்பதற்குக் குடும்பமும், எதிர்ப்பதற்கு வழக்கறிஞரும் உள்ளவர்க்கு இந்த நேர்மை கிடைக்கும். காட்டுப் பாகனின் குரலைப் பொறி எடுத்துக்கொண்டு தான் நினைத்ததைப் பேசவைத்தால், அவனிடம் இசைவு கேட்பவர் யார்? அவன் குரல் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்தாம் எத்தனை பேர்?

இதை நான் தசராவை நினைத்துச் சொல்கிறேன். ஆண்டுதோறும் யானைகள் காட்டிலிருந்து மைசூருக்கு வருகின்றன. பாகர்களும் காவடிகளும் மனைவி மக்களோடு அரண்மனை வளாகத்தில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளியும் நடக்கிறது. விசயதசமியன்று 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து யானை வருவதைப் பறக்கும் கேமராக்கள் வானிலிருந்து காட்டுகின்றன. வருணனையாளர் இடைவிடாது பேசுகிறார். யானையின் கழுத்தில் அமர்ந்திருக்கும் மனிதர் பேசுவதில்லை. 2012 முதல் 2019 வரை அம்பாரி சுமந்த அர்ச்சுனன், 2023 திசம்பரில் சகலேசபுரத்துக் காட்டில் காட்டு யானையோடு மோதி இறந்தது. அதன் பாகர் அழுத அழுகையைத் தொலைக்காட்சியில் நாம் எல்லாரும் கேட்டோம். எட்டு ஆண்டு ஊர்வலத்தில் கேளாத குரல், யானை விழுந்த அன்றுதான் நம் செவிக்கு எட்டியது. இது நமக்குப் பெருமையா?

ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு ஆடலும் பாடலும் இருக்கட்டும். இவ்வாண்டு தசராவின்போது நம்மில் நான்கைந்து பேர், கன்னட நண்பர்களையும் அழைத்துக்கொண்டு, முறைப்படி இசைவு பெற்று, அரண்மனை வளாகத்துக்குப் போவோம். பாகர் குடும்பங்கள் விரும்பினால், அவர்கள் வீட்டு மொழியிலேயே தம் கதையைச் சொல்லட்டும். பதிவு செய்ய நம் கைப்பேசி போதும். பிளாஹெர்ட்டியிடம் இல்லாத கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கீழே எழுத்து நாம் எழுதுவோம்: ஒரு வரி கன்னடம், ஒரு வரி தமிழ். 1969-இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நம் மானசகங்கோத்திரியிலேயே இருக்கிறது; ஐயம் வந்தால் கேட்க அறிஞர்கள் நடந்து போகும் தொலைவில் இருக்கிறார்கள். எடுத்த படத்தை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுவோம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அழித்துவிடுவோம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "கீழே எழுத்துப் போடுகிறாய், சரி. உன் பாட்டி எப்படிப் பார்ப்பார்?" என்று கேட்டார். அதற்கும் விடை கண்டுவிட்டேன். பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியாக நானே படித்துச் சொல்வேன்.